மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவத்தி

மொதல்லயே சொல்லிடுறேன், பேய், ஆவி, முனி இதெல்லாம் நம்புற ஆளு நான் இல்ல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு ஸ்கூல் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்குடுக்கிறதே நாந்தான். சமூக அறிவியல் டீச்சர், அது போக சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுறேன். பேய்க்கதை ஒண்ணு எழுதுங்க டீச்சர், நல்லா ஓடும்னு பதிப்பாளர் எத்தனையோ தடவ கேட்டும் முடியாதுன்னுட்டேன். இத நீங்க நம்பணும்னு கட்டாயம் இல்ல. நம்பாட்டியும் கடைசி வரைக்கும் கேளுங்க, குறுக்க மட்டும் சிரிச்சிராதீங்க.

எனக்கு இப்ப வீடு திருக்கோகர்ணத்துல, சொந்த ஊரு ஆவூர் பக்கம். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவங்க. ஒரு பெரிய பஞ்சத்துல கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து கஞ்சிக்கு வழியில்லாம நடந்து வந்தவங்கதான் எங்க முன்னோர்னு சொல்லுவாங்க. புருஷன், பொண்டாட்டி, ஒரு மகன், ஆறேழு வயசுல ஒரு மக. கோயில் சாமியார் கஞ்சி ஊத்தியிருக்காரு, ஒதுங்க எடம் குடுத்திருக்காரு, இவங்களும் வேதத்துல சேர்றோம்னு சொல்லியிருக்காங்க. விடிஞ்சா ஞானஸ்நானம். அதுக்கு மொத நாள் பிடிச்சுதாம் மழை. அத்தன காலம் காஞ்சு கெடந்த கொளத்துல தண்ணியப் பாத்த சந்தோஷத்துல அந்தப் பொம்பளப் புள்ள எறங்கியிருக்கு, எந்திரிக்கல.

அந்தக் காலத்துல ஞானஸ்நானம் வாங்காத புள்ளையக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள பொதைக்க மாட்டாங்க. அதனால மதிலுக்கு வெளிய, கொளத்துக்கரை ஓரமாப் பொதைச்சிட்டாங்க. அதோட பழைய பேரப் பெத்தவங்க அதுக்கப்புறம் வாயால சொல்லவே இல்லையாம், புதுப் பேரு வாங்குறதுக்குள்ள புள்ள போயிருச்சு. ஆக, பேரே இல்லாத புள்ள. நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள் அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பூ வச்சு மெழுகுவத்தி ஏத்துவோம்ல, எங்க வீட்டு வழக்கம் என்னன்னா, ஒவ்வொரு கல்லறையிலயும் ஏத்தும்போது செத்தவங்க பேரச் சத்தமாச் சொல்லணும். எல்லாம் முடிஞ்சு மதிலுக்கு வெளிய போயி ஒரே ஒரு மெழுகுவத்தி ஏத்துவோம். அங்க மட்டும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது.

இந்தப் புள்ளையத்தான் நான் கதையா எழுத எடுத்தேன். பஞ்சத்தப் பத்திப் பழைய புத்தகமெல்லாம் தேடிப் படிச்சேன், எங்க கோயில் பங்குசாமிகிட்டப் பேசுனேன், ஊர்ல வயசாளிங்க சொன்னதெல்லாம் போன்ல பதிஞ்சேன். எழுதுற எடத்த நடந்து பாக்காம நான் எழுத மாட்டேன், அதனால என் மக பெனிட்டாவையும் கூட்டிக்கிட்டு அவங்க நடந்து வந்த அந்தப் பழைய பாதையில கொஞ்ச தூரம் நடந்தேன். அவளுக்கு ஏழு வயசு, ஒரே புள்ள, அவங்கப்பா கத்தார்ல இருக்காரு. எங்க கால் வலிக்குது, எங்க தண்ணி தவிக்குதுன்னு அவளக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுனேன். நல்ல புத்தகமா வந்துக்கிட்டு இருந்துச்சு. பிள்ளைக படிக்கிற கதையில புள்ளையச் சாகடிக்க மனசு வரல, அதனால என் கதையில அவ கொளத்துல எறங்க மாட்டா. மறுநாள் விடிய கோயில் வாசல் வரைக்கும் வருவா, உள்ள போயி தலையில தண்ணி வாங்கிப் பேரு வாங்குவா. அந்தக் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி, ஏன்னா என்ன பேரு வைக்கிறதுன்னு எனக்கு ஓடல. அதுவரைக்கும் வெறும் பாப்பான்னே எழுதியிருந்தேன்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனோம். ஊர்ல எங்க பெரியப்பா மகன் ஆரோக்கியம் அண்ணனும் பிலோ அண்ணியும் இருக்காங்க. சாயங்காலம் நல்ல கூட்டம், சாமியார் கல்லறைக்கெல்லாம் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சிட்டுப் போயிட்டாரு, லேசாத் தூறல் விட்டிருந்துச்சு, கொளம் கரை தட்டி நெறஞ்சு கெடந்துச்சு. உள்ள எல்லாருக்கும் ஏத்தி முடிச்சிட்டு நாங்க நாலு பேரும் மதிலுக்கு வெளிய வந்தோம். நான் ஏத்துறேன் அண்ணின்னு மெழுகுவத்திய வாங்கி ஏத்துனேன். அந்த நேரம் பாத்து எனக்குப் பேரு வந்துருச்சு பாருங்க. எழுதுறவளுக்கு உள்ள புத்தி, வந்தத வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும். மதலேன்னு சத்தமாச் சொல்லிட்டேன்.

அண்ணி மொகம் மாறிப்போச்சு. "யாரக் கேட்டுப் பேரு வச்ச, ரீட்டா?"ன்னாங்க. கதைக்குத்தான் அண்ணின்னு நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. பேரு சொல்லி ஏந்துறவதான் ஞானத்தாய், பெத்தவ இல்லாட்டி அந்தப் புள்ளைக்கு அவதான் ஆத்தா, இது ஒனக்குத் தெரியாதா, வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டியேன்னு மெதுவாச் சொன்னாங்க. எனக்கு எரிச்சலா வந்துச்சு, படிச்ச பொம்பளையப் பயமுறுத்துறாங்களேன்னு. ஏதோ பதில் சொல்லத் திரும்புறேன், பக்கத்துல நின்ன பெனிட்டா இல்ல.

கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் நின்னேன், மெழுகுவத்தி ஏத்தத்தான் விட்டேன். உள்ள போயிருப்பான்னு கல்லறைத் தோட்டம் பூரா தேடுனோம், கோயில் வாசல் வரைக்கும் ஓடுனேன், பலூன்காரர்கிட்டக் கேட்டேன், யாரும் பாக்கல. அதுக்குள்ள நல்லா இருட்டிக்கிட்டு வந்துருச்சு. கொளம் கொளம்னு மனசு அடிச்சுக்குது, ஆனா அந்தப் பக்கம் போகக் கால் வரல, போனா அது நெசமாயிரும்னு ஒரு பயம். அண்ணந்தான் செல்போன் லைட்ட அடிச்சிக்கிட்டு மொதல்ல கரையேறுனாரு. அவங்கப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவேன், நான் எப்படி இருப்பேன்னு பொலம்பிக்கிட்டே நானும் பின்னால ஏறுனேன்.

பெனிட்டா, பெனிட்டான்னு கரையில நின்னு கத்துறேன். ஒவ்வொரு தடவ கத்தும்போதும் தண்ணிப் பக்கமிருந்து "ம்"னு ஒரு சத்தம். கொழந்த ஒண்ணு வேற வேலையில இருந்துக்கிட்டே பதில் சொல்லுமே, அது மாதிரி. நம்புனா நம்புங்க, அது என் புள்ள கொரல் இல்ல. அவ தும்முனாக்கூட எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் கேட்டுருந்தா பிரமைன்னு விட்டுருவேன், அண்ணன் என்னையத் திரும்பிப் பாத்து "யாரும்மா அது?"ன்னாரு.

அண்ணி வந்து என் தோளப் பிடிச்சாங்க. "அவளக் கூப்புடு. நீதான பேரு வச்ச, நீ கூப்புட்டாத்தான் வருவா"ன்னாங்க. இந்த மாதிரி எடத்துல படிப்பாவது ஒண்ணாவது. மதலேன், தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வாம்மான்னு கூப்புட்டேன், என் சத்தம் எனக்கே வேற யாரோ கூப்புடுற மாதிரி இருந்துச்சு. ம்னு வந்துக்கிட்டு இருந்த அந்தச் சத்தம் அதோட நின்னுச்சு. அப்பறம் கரைக்குக் கீழ, நாங்க லைட் அடிச்சுப் பாத்துட்டு யாரும் இல்லைன்னு வந்த அதே எடத்துலருந்து பெனிட்டா ஏறி வந்தா. நிதானமா வந்தா. வலது கைய யாரோ பிடிச்சுக் கூட்டியார மாதிரி தூக்கி வச்சிருந்தா.

தூக்கி மடியில போட்டு அழுதேன். ஒடம்பெல்லாம் தடவிப் பாத்தேன், கவுன் காஞ்சிருக்கு, தல காஞ்சிருக்கு, கால்ல சேறு இல்ல. ஆனா அந்த வலது கை மட்டும் சில்லுனு ஈரம். நாள் பூரா துணி தொவச்சா நமக்கு வெரல் தோல் வெளுத்துச் சுருங்குமே, அப்படிச் சுருங்கியிருந்துச்சு. இடது கை சாதாரணமா இருந்துச்சு. அண்ணன் லைட்ட அடிச்சு ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

எங்கடி போனேன்னு கேட்டா, ஒரு அக்கா கூப்புட்டுச்சு, பேசிக்கிட்டு இருந்தோம்ங்கிறா. அந்த அக்காகிட்டப் பேரு கேட்டேன், இப்பத்தான் வச்சாங்கன்னு சொன்னுச்சும்மான்னா. என்னடி பேசுனீங்கன்னு கேட்டேன். "ஒங்கம்மா என்னைய எப்ப உள்ள கூப்புடுவாங்கன்னு கேட்டுச்சு. புத்தகம் முடிஞ்சதும்னு சொல்லிருக்கேன்"னா.

திருக்கோகர்ணத்துக்குத் திரும்புனதும் என்னைய நானே சமாதானப்படுத்திப் பாத்தேன். புள்ளைக்குக் கதை தெரியும், நான் பேரு சொன்னப்பப் பக்கத்துலதான் நின்னா, மிச்சத்த அதா கற்பன பண்ணியிருக்கும், கைய எங்கயாவது தேங்குன தண்ணியில வச்சிருக்கும். ஆனா எத்தன நேரம் வச்சா அப்படிச் சுருங்கும், அவ காணாமப் போனது அவ்வளவு நேரமே இல்லையே. பங்குசாமிகிட்டப் போயி, செத்த புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்க முடியுமா ஃபாதர்னு கேட்டேன். முடியாதும்மா, வேணும்னா பூசை வைக்கிறேன்னாரு. வச்சாரு. பூசையில பெனிட்டா என் பக்கத்துல ஒக்காராம, ஒரு ஆளு ஒக்கார எடம் விட்டுத் தள்ளி ஒக்காந்தா.

புத்தகத்த முடிக்கல. பதிப்பாளர் படம் எல்லாம் ரெடி, ஒரு அத்தியாயந்தானே டீச்சர்னு போன் பண்ணிக்கிட்டே இருக்காரு, எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்றேன். கதையில அந்தப் புள்ள கோயில் வாசப்படியில வந்து நிக்கிறா. வாம்மான்னு ஒரு வரி எழுதுனா உள்ள வந்துருவா. உள்ளன்னா எங்க, கோயிலுக்குள்ளயா எங்க வீட்டுக்குள்ளயா, அதுதான் எனக்குத் தெரியல. பாவமாவும் இருக்கு, அவள நம்ம ஆளுங்க ஒருக்கா வெளிய விட்டாங்க, இப்ப நானும் வெளியவே நிக்க வச்சிருக்கேன். ஆனா எனக்கு இருக்கிறது ஒரே புள்ள.

போன வாரம் பெனிட்டாவுக்கு இட்லி வச்சிக்கிட்டு இருந்தேன். தட்டப் பாத்துக்கிட்டே சாதாரணமாக் கேட்டா, "அம்மா, அந்த அக்காவ நீங்க உள்ள கூப்புடலைன்னா, நான் அங்கிட்டுப் போயி அக்காகூட இருக்கவா? தனியா இருக்குல்ல"ன்னு. அதெல்லாம் வேணாம், நீ சாப்புடுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி வாசக்கதவத் தாப்பாப் போட்டேன். பட்டப்பகல், தெருவுல ஆட்டோ போகுது. அங்கயே நிக்கிறேன், அந்தக் கதவ நான் யாரு உள்ள வந்துரக் கூடாதுன்னு போட்டேன், யாரு வெளிய போயிரக் கூடாதுன்னு போட்டேன்னு எனக்கே தெரியல.