தண்ணீர் ஓடும்போது தட்டக் கூடாது

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. ஈவாஞ்சலின் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. கையை மட்டும் பிசைந்துகொண்டிருப்பாள். பல வருடமாக மனநல வார்டில் நர்ஸாக இருப்பவள். இல்லாத குரல்களைக் கேட்பவர்களோடுதான் அவள் பிழைப்பு. எது இருக்கிறது, எது இல்லை என்று தனக்குத் தெரியும் என அன்றுவரை நம்பியிருந்தாள்.

தூத்துக்குடியில், துறைமுகச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டில் நாற்பது பேர். பார்த்துக்கொள்ள ஷிப்டுக்கு நர்ஸ்கள் இரண்டு பேர். வார்டின் கடைசியில் அவர்களுக்கென்று ஒரு பாத்ரூம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அழுகை வந்தால் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வெளியே இருப்பவள் கதவைத் தட்டக் கூடாது. முகம் கழுவி வந்தவளிடம் எதுவும் கேட்கவும் கூடாது. அந்தக் கதவு மட்டும் இல்லையென்றால் பாதிப்பேர் என்றோ வேலையை விட்டுப் போயிருப்பார்கள்.

கூட வேலை பார்த்த பிரேமாவின் முன்கையில் ஒரு நோயாளி கடித்த காயம். "நீங்க அவன என்ன செஞ்சீங்க?" என்று மேலே இருப்பவர்கள் அவளைத்தான் கேட்டார்கள். அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஈவாஞ்சலின் போராடி, திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு லீவு வாங்கிக் கொடுத்திருந்தாள். அன்று சனிக்கிழமை. இன்றும் நாளையும் அவளைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

சாப்பாடும் மாத்திரையும் முடிந்து வார்டு தூங்கியது. உப்பளத்துப் பக்கமிருந்து அனல் காற்று.

"கொஞ்ச நேரம் பாத்துக்கிடுங்கக்கா."

"போளா. மெதுவா வா."

தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம். ஈவாஞ்சலினுக்கு நிம்மதியாக இருந்தது. அழட்டும்.

கால் மணி நேரம் போனது. அரை மணி நேரமும் போனது. முகத்தில் அள்ளி அடிக்கும் சத்தம் இல்லை. வாளி நிரம்பி வழியும் சத்தம் இல்லை. ஒரே சீராக… ஓடிக்கொண்டே இருந்தது.

எழுந்து போய்த் தட்டக் கையைத் தூக்கினாள். சத்தம் சட்டென்று பெரிதானது.

கையை இறக்கிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஜெரால்டு விழித்திருந்தான். காதுக்குள் யாரோ ஓயாமல் பேசுவதாகச் சொல்லி வந்து சேர்ந்தவன்.

"என்ன சிஸ்டர், கதவையே பாத்துக்கிட்டு நிக்கிய?"

"தண்ணி ஓடுதுல்லா. பிரேமா முகம் கழுவுதா. நீ படு."

"எங்கன ஓடுது?"

"அங்கனதான். கேக்கலியா?"

"எனக்குக் கண்டதும் கேக்கும் சிஸ்டர். இது கேக்கல." அவன் சிரித்தான். "மாத்திர போட்டியளா நீங்க?"

அவளும் சிரித்தாள்.

பிறகு ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தாள். பாத்ரூம் தண்ணீர் விழும் சாக்கடை…

காய்ந்து கிடந்தது.

ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

சத்தம் நின்றது.

"பிரேமா?"

"ஏளா!"

பராமரிப்பு வேலை பார்க்கும் பேச்சிராஜா வந்து கதவை உடைத்தான். பிரேமா தரையில் கிடந்தாள். ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது. குழாய் முழுதாகத் திறந்திருந்தது. சொட்டு ஈரம் இல்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். முப்பத்து நாலு வயது. விழுந்த உடனே கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பாளாம்.

"இந்தப் பைப்பு உடஞ்சுல்லா கெடக்கு," என்றான் பேச்சிராஜா. "காலைலயே வால்வ அடச்சாச்சே சிஸ்டர்."

பிரேமாவின் இடத்துக்கு ஷெர்லி வந்தாள். முதல் நாளே ஈவாஞ்சலின் அவளிடம் சொல்லிவிட்டாள்: "என்ன சத்தம் கேட்டாலும் கதவத் தட்டு. விடாமத் தட்டு."

போன வாரம் ஈவாஞ்சலினே உள்ளே போனாள். குழாயைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து அழுதாள். திடீரென்று நெஞ்சை அடைத்தது. ஷெர்லியைக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். வெளியே ஒரு அரவமும் இல்லை.

எப்படியோ தாழ்ப்பாளை இழுத்தாள்.

ஷெர்லி கதவை ஒட்டித்தான் நின்றிருந்தாள். உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"எவ்வளவு நேரமா தட்டுதேன்க்கா… அந்தத் தண்ணிய நிப்பாட்டக் கூடாதா?"