அப்பா அங்கே இல்லை

நரகத்தை நான் என் கையாலேயே கட்டியிருக்கிறேன். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

எங்கள் சபையில் மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பத்து நாள் பாட்டு, கதை, கலர் பென்சில், கடைசி நாள் பிரியாணி. போன வருஷம் பாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. சபைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில் ஒன்றைப் பரலோகமாகவும் மற்றதை நரகமாகவும் செய்து, பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். பரலோகத்தை வாலிபர் கூட்டம் எடுத்துக்கொண்டது. நரகம் என் தலையில் விழுந்தது. நான் பட்டுச்சேலைக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுகிறவள். வெட்டி விழும் சிவப்பு நூலும் ஜரிகைத் துண்டும் என் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நரகத்துக்கு வேறென்ன வேண்டும்?

அப்பா செத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தார். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் காஞ்சிபுரம் வந்து, நாள் முழுக்கக் கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் நிற்பார். அம்மாவும் நானும் ஞானஸ்நானம் வாங்கினோம். அவர் வாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார், பெருமாள் கோயில் கருடசேவைக்கும் போய்க் கூட்டத்தில் நிற்பார். ஏன்பா முழுக்கு எடுக்கக்கூடாது என்று கேட்டால், "நானு தெனமும் தண்ணியிலதாம்மா முழுவிக்கினு இருக்கறேன். இன்னும் எத்தினி முழுக்கு?" என்பார். பெட்டியில் வைத்தபோதும் அவர் நகங்களில் அரக்குச் சாயம் இருந்தது.

பாஸ்டரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்ததே அவர்தான். ஆனால் அதே மனுஷன் அப்பாவின் உடம்புக்கு முன்னால் நின்று, "இவரு நல்லவருதான். ஆனா நல்லவருக்கெல்லாம் அங்க எடம் இல்ல, இரட்சிக்கப்பட்டவனுக்குத்தான் எடம். இருக்கறவங்க யோசிச்சிக்குங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் "ஆமென்" என்றார்கள். நான் சொல்லவில்லை. அதற்காக என்னைப் பெரிய புரட்சிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு, எங்களோடு ஒரே வரிசையில் உட்காரும் அக்கா ஒருவருடைய மகன் தூக்கு மாட்டிக்கொண்டான். அந்தப் பெட்டிக்கு முன்னாலும் இதே பிரசங்கம்தான். அன்றைக்கு நான் "ஆமென்" சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

அம்மா அழுது முடித்த பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. கத்திரி வெயில் தொடங்கி, வீட்டுக்குள் சுவரே சுடுகிறது. அம்மா மாத்திரை விழுங்க ஒரு மடக்கு குடிப்பாள், அவ்வளவுதான். ஒருநாள் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இந்த வயசுல தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி போயிடும்மா. அடுத்த வாட்டி என்கிட்ட கூட்டிக்கினு வந்து பிரயோஜனமில்ல" என்று டாக்டர் என்னைத் திட்டினார். வீட்டுக்கு வந்ததும் சொம்பை நீட்டினேன். வாயை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, செத்துப் போவணுமா உனுக்கு?"

"அவரு அங்க ஒரு சொட்டு தண்ணிக்கு நாக்க நீட்டிக்கினு இருப்பாரு. எனக்கு எப்பிடிம்மா எறங்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நரகத்தில் வேகும் பணக்காரன், யாராவது விரல்நுனியைத் தண்ணீரில் நனைத்து வந்து என் நாக்கைக் குளிரப்பண்ண மாட்டார்களா என்று கெஞ்சுகிற கதை வேதத்தில் இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டியவள் நான். பதினைந்து வருஷமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாக்கை நீட்டி நடித்துக் காட்டியவளும் நான்தான். அன்று என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அதெல்லாம் கதைம்மா என்றேன். "கதன்னா எதுக்குடி எனக்கு சொன்ன?" என்று கேட்டாள்.

இந்த நிலையில்தான் நரகம் கட்டினேன். முடியாது என்று சொல்ல அப்போது எனக்குத் துணிச்சல் வரவில்லை. கயிற்றுக்கொடி கட்டி, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பட்டுநூலைக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டேன். நடுநடுவே ஜரிகை. கீழே இரண்டு டேபிள் ஃபேன், மூலையில் சிவப்பு பல்பு. ஃபேனைப் போட்டதும் நூலெல்லாம் எழும்பி ஆடியது பாருங்கள், அடடா! நானே ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கல்யாணப் பந்தல் தோற்றது.

பிள்ளைகள் உள்ளே போனார்கள், வெளியே வரவில்லை. வந்தவர்களும் ஓடிப்போய் மறுபடி வரிசையில் நின்றார்கள். "அக்கா அக்கா, இன்னொரு வாட்டி நரகத்துக்கு உடுங்கக்கா!" பரலோகத்தில் தெர்மாகோல் வாசலும் பஞ்சும் ஒரு நாற்காலியும் இருந்தன, ஃபேன் இல்லை. "அங்க போரடிக்குதுக்கா, ஒரே புழுக்கம்" என்றாள் ஒரு வாண்டு. எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், பயம் வரலியே. கடைசி நாள் பெத்தவங்களும் வருவாங்க. நீங்க ஒரு சாட்சி சொல்லுங்க. உங்கப்பாவ இந்தப் பசங்களுக்கெல்லாம் தெரியும். தெரிஞ்ச ஒருத்தரு அங்க இருக்காருன்னு சொன்னாத்தான் மனசுல தைக்கும்."

மெதுவாகத்தான் கேட்டேன். "ஐயா, அப்பாவுக்கு ரத்தம் குடுத்தீங்களே, ஞானஸ்நானம் வாங்கினாரான்னு கேட்டுட்டா குடுத்தீங்க?"

"அது வேற சிஸ்டர். அது மனுஷாபிமானம்."

"அப்ப அந்த அபிமானம் மேல இருக்கறவருக்குக் கெடையாதா?"

அவர் முகம் சுருங்கியது. எல்லாம் ஆண்டவருடைய நீதி, நமக்குப் புரியாது என்றார். புரியாததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று நான் கேட்கவில்லை. சாட்சி சொல்கிறேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலையில் சபை நிறைந்திருந்தது. அம்மாவை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். உதடு வெடித்து, கண் குழி விழுந்து, பார்க்கவே சகிக்கவில்லை. பக்கத்தில் மகனைத் தூக்கில் பறிகொடுத்த அந்த அக்கா. நான் மைக்கைப் பிடித்தேன்.

"எங்கப்பாவ உங்க எல்லாருக்கும் தெரியும், சாயக்காரரு. கச்சாப் பட்டுல ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வெச்சாத்தான் அது எறங்கும். அப்புறந்தான் சாயம் புடிக்கும், பளபளப்பு வரும். எங்கப்பா பட்ட வேக வெப்பாரு. ஆனா வெந்ததும் எடுத்துடுவாரு. எடுக்காம உட்டா நூலு நைஞ்சி போவும். வெந்த பட்ட எடுக்கத் தெரியாதவன நம்பி இந்த ஊர்ல ஒருத்தனும் ஒரு நூலு குடுக்கமாட்டான். என்னிக்குமே எடுக்காம வேக வெச்சிக்கினே இருக்கறாருன்னு நம்ம ஆண்டவரப் பத்திச் சொல்றோமே, அவரு என்ன எங்கப்பாவ விட மட்டமான வேலைக்காரரா? நான் நம்பமாட்டேன். எங்கப்பா அங்க இல்ல. நான் உங்களுக்குப் பதினஞ்சு வருஷமாத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க பசங்களா."

பாஸ்டர் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் என்னிடம் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை.

"ஆமா. பாதி சோத்துல எழுந்து ஓடுவாரு. பட்டு வெந்துக்கினு இருக்குதுடின்னு எச்சக் கையோட ஓடுவாரு. நான்கூட திட்டுவேன், அது என்னா, உன் கொழந்தையான்னு."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி இருக்குதாம்மா?"

பிரியாணிக்கு வைத்திருந்த கேனிலிருந்து ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு ஓடினேன். மடக் மடக்கென்று குடித்தாள். கழுத்து, ஜாக்கெட் எல்லாம் நனைந்தது. இன்னொரு சொம்பு கேட்டாள்.

அடுத்த வாரமே ஞாயிறு பள்ளியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க சிஸ்டர்" என்றார் பாஸ்டர். எடுத்துக்கொண்டேன். ஆனால் சபையை விட்டுப் போய்விடுவேன் என்று யாராவது நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. கர்த்தரோடு எனக்குச் சண்டை கிடையாது. அதே மூன்றாவது வரிசையில் வாராவாரம் போய் உட்காருகிறோம். பாஸ்டரும் விடவில்லை, மாதத்துக்கு ஒரு தரமாவது பிரசங்கத்தில் நரகத்து அக்கினிக்கடல் வந்துவிடும். அப்போது அம்மா பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுப்பாள். மூடியை நிதானமாகத் திருகுவாள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி குடித்துவிட்டு எனக்கும் தருவாள். பாஸ்டர் பார்ப்பார். தண்ணீர் குடிக்காதே என்று எந்த வசனத்தைக் காட்டிச் சொல்ல முடியும்?

போன மாதம், தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு மீட்பே இல்லை என்று பிரசங்கம் போய்க்கொண்டிருந்தது. அம்மா குடித்துவிட்டுப் பாட்டிலை என் பக்கம் நீட்டினாள். அது எனக்கு வந்து சேரவில்லை. நடுவில் ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. அந்த அக்கா. இத்தனை வருஷத்தில் அவர் பிரசங்க நேரத்தில் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று பாஸ்டரை நேராகப் பார்த்துக்கொண்டே, பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்தார்.

என் கைக்கு வந்தபோது அதில் ஒரு சொட்டுகூட இல்லை.