யோகராசாவுக்கென்று வைத்த வேலை

நஜ்முன் நிஸாவுக்கு வீடு கிண்ணியாவில், வேலை திருகோணமலை நகரத்தில். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக் கடையில் முன்னுக்கு நிற்கிறார். டொக்டர்மார் கிறுக்கியதை வாசித்து, மாத்திரையை உறையில் போட்டு, காலை மாலை என்று எழுதிக் கொடுப்பார். அவருக்கு இன்னொரு உத்தியோகமும் இருப்பது கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாது. அதற்குச் சம்பளம் இல்லை. ஆட்களை ‘வாங்க’ என்று சொல்வதுதான் அந்த உத்தியோகம்.

‘கரைக்காற்று’ என்று ஒரு செயலி இருக்கிறது. சின்ன வள்ளங்களில் தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், அலை எவ்வளவு உயரம் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும். அதற்கு முதலாளி கிடையாது. உள்ளே ஓடுகிற நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் கொடுக்கலாம். திறந்த மூலம் என்பார்கள். அங்கங்கே இருக்கிற கொஞ்சப் பேர், நேரம் கிடைத்தபோது, விருப்பத்தின் பேரில் செய்கிற வேலை. நானும் அதில் ஒருத்தி. உதவிப் பக்கங்களை எழுதுகிறேன். நிரல் எனக்குப் பெரிதாகத் தெரியாது, தெரிந்தது போலக் காட்டிக்கொள்வதும் இல்லை.

இப்படியான குழுக்களுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் வாசலில் ஒருவர் வந்து நின்றால், வேறு யாராவது கதைப்பார்கள்தானே என்று ஆளாளுக்குத் தங்கள் பாட்டில் இருப்பார்கள். வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். நிஸாவுக்கு அது பொறுக்காது. அவருடைய வீட்டுக்குப் போனாலும், தேத்தண்ணி குடித்து முடியும் வரை வந்த காரியத்தைச் சொல்ல விடமாட்டார். செயலியை மொழிபெயர்க்கவென்று வந்த நிஸா, யாரும் கேட்காமலே வாசலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கிண்ணியா பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் கைப்பேசியில் பதில் எழுதுவார். என்ன படித்திருக்கிறீர்கள், என்ன தெரியும் என்று கேட்கமாட்டார். “வாங்க. இருங்க. எந்த ஊர்?” என்றுதான் தொடங்குவார். அந்த நாலு சொல்லுக்காக ஒட்டிக்கொண்டவர்கள் எங்களிடம் பலர் உண்டு.

அவர் கொண்டுவந்த சட்டம் ஒன்றும் உண்டு. செயலியில் சின்னச் சின்னப் பிழைகள் தெரிய வந்தால், அவற்றில் இலேசானவற்றைப் புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பார். பழையவர்கள் அதைத் தொடக்கூடாது. புதியவர் தட்டுத் தடுமாறி அதைத் திருத்தி, அவருடைய பெயரில் அது செயலிக்குள் போனால், பிறகு அவர் நம்முடைய ஆள். இப்படிச் செய்கிற குழுக்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் நிஸா அளவுக்கு அதைக் காவல் காத்தவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம்.

தர்சனுக்கு இந்தச் சட்டம் பிடிக்காது. அவர் நகரத்தில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறவர். எங்கள் குழுவில் நிரல் எழுதுவதில் அவரை விஞ்ச ஆளில்லை. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். “ஓட்டையைக் கண்டா அடைக்கோணும் நிஸாக்கா. அதுக்கு மாலை போட்டு வைச்சு, ஆள் வருதா எண்டு பாத்துக்கொண்டு இருக்க ஏலுமே?” என்று கேட்பார். கேள்வியில் நியாயம் இருப்பது நிஸாவுக்கும் தெரியும். ஆனால் ஈச்சிலம்பற்றிலிருந்து யசோதரா என்ற பெண் ஒருமுறை வந்தபோது, அவருக்கென்று வைத்த வேலையைத் தர்சன் போகிற போக்கில் முடித்துவிட்டார். அந்தப் பெண் பிறகு வரவே இல்லை. நிஸா அதை மறக்கவில்லை, தர்சனை மறக்க விடவும் இல்லை.

யோகராசா இந்த வருடம் வந்தார். சாம்பல்தீவுக்கு அங்கால் சல்லியில் இருக்கிறவர். சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகள் விட்டுச் சென்ற மடிகணினியில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பாடங்களைப் பார்த்து நிரல் பழகியிருந்தார். அவருடைய முதல் செய்தி அரசாங்கக் கடிதம் போல இருந்தது. ‘மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு’ என்று தொடங்கி, ‘இப்படிக்கு, உண்மையுள்ள’ என்று முடிந்தது. நடுவில் விசயம் இதுதான்: அவருடைய தம்பி கடலுக்குப் போகிறவர். கண் மங்கல் என்பதால் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கினால் கரைக்காற்றில் அலை உயரத்தைச் சொல்கிற வரி கீழே இருக்கிற பொத்தானுக்குப் பின்னால் போய் மறைந்துவிடுகிறது.

எங்களில் யாரும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் நல்ல கண்.

“வாங்க ஐயா. இருங்க. அத நீங்களே திருத்துங்களே, நாங்க கூட இருக்கிறம்” என்று நிஸா எழுதினார். யோகராசாவுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். மறுநாளே சோதனைப் பதிப்பைத் தன் கைப்பேசியிலும் தம்பியின் கைப்பேசியிலும் போட்டுக்கொண்டார். சோதனைப் பதிப்பு என்றால், நாங்கள் செய்கிற மாற்றமெல்லாம் உடனுக்குடன் வந்து சேருகிற பதிப்பு. மற்றவர்களுக்கு எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமையில்தான் எல்லாம் சேர்த்துப் போகும். பிறகு மனிதர் ஒவ்வொரு நாளும் சந்தேகம் கேட்டார். நிஸா தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததை மற்றவர்களிடம் கேட்டுச் சொன்னார். ஆள் மெதுவான ஆள். ஆனால் நகர்ந்துகொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொதுப் பதிப்பு போக வேண்டும் என்றிருந்தது. திங்கட்கிழமை பின்னேரம் தர்சன் அந்தப் பிழையைக் கண்டார், தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் திருத்திவிட்டு எழும்பிப் போனார்.

செவ்வாய் காலை நிஸா பஸ்ஸில் இருந்து அதைப் பார்த்தார். கோபத்தில், பஸ் நிலையத்துக்குள் வந்து நின்ற பிறகும் எழும்பாமல் இருந்து, கொண்டக்டர் சொல்லித்தான் இறங்கினாராம். கடைக்குப் போகும் வழியிலேயே தர்சனுக்கு அழைப்பு எடுத்தார்.

“தம்பி, அது யோகராசா ஐயாட வேல. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் அக்கா. எப்ப முடிப்பார்? வெள்ளிக்கிழமை போகோணும்.”

“முடிப்பார்.”

“முடிக்காட்டி? அந்தப் பிழையோடயே அனுப்புறதோ?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் முடிக்காட்டி நான் இந்த வரவேற்பு வேலைய விட்டுடுறன். பிறகு நீங்க உங்கட எண்ணப்படி செய்யுங்க” என்றார் நிஸா.

சொல்லிவிட்டு, கடை முகப்பில் நின்றபடியே, கைப்பேசியில் இரண்டு தட்டில் தர்சனின் திருத்தத்தை நீக்கினார். அலை வரி பழையபடி பொத்தானுக்குப் பின்னால் போனது. ஒரு ஆளை வரவேற்பதற்காக, திருந்தியிருந்த ஒன்றைத் திரும்பவும் கெடுத்து வைத்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். எனக்குச் சொன்னபோது சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாசல் போனால் அவருக்கு மருந்துக் கடை மட்டும்தான் மிச்சம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து யோகராசாவிடமிருந்து பேச்சு மூச்சில்லை. நிஸா செய்தி போட்டார், பதில் இல்லை. தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார், மணி அடித்தது, எடுக்கவில்லை. புதன் போனது. வியாழன் மத்தியானம் நிஸா அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு வெளியே வந்து, எனக்கு அழைப்பு எடுத்து, “சல்லிக்குப் போவம், ஸ்கூட்டிய எடுங்க” என்றார்.

யோகராசாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி சிவக்கொழுந்து எங்களைக் கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்குப் போனார். யோகராசா உள்ளேயிருந்து சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர்களின் முன்னால் நிற்பது போல நின்றார்.

“பிள்ளை, நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும். நான் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தனான்” என்றார்.

“என்ன கடிதம் ஐயா?”

“விலகுறதுக்கு. குரங்கின்ர கையில பூமாலையைக் குடுத்த மாதிரி என்னட்டத் தந்திட்டீங்கள். நான் கெடுத்துப்போட்டன்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் நடந்ததைச் சொன்னார். திங்கள் இரவு தம்பி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அலை வரி தெரிகிறது! யோகராசா அன்று பின்னேரம் தன் கணினியில் எதையோ மாற்றிப் பார்த்திருந்தார். அனுப்பியதாக நினைவில்லை. ஆனால் தன் கைதான் வேலை செய்திருக்கிறது என்று நம்பிவிட்டார். சிவக்கொழுந்து அன்றிரவு பாயாசம் வைத்திருக்கிறார். செவ்வாய் காலை யோகராசா இன்னும் கொஞ்சம் அழகாக்குவோம் என்று ஒரு இடத்தைத் தொட்டிருக்கிறார். சரியாக அந்த நேரம் பார்த்து வரி மறைந்துவிட்டது.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி எண்டு தம்பி ஏசினவன். அவனுக்கு மட்டுமே? எத்தினை வள்ளத்துக்கு நான் கெடுத்தனோ தெரியாது. அதுக்குப் பிறகு அந்தக் கொம்பியூட்டரை நான் திறக்கேல்லை. உங்கட போனை எடுக்கவும் எனக்கு முகமில்லை.”

நிஸாவுக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. “பரவாயில்ல ஐயா, பிழை எல்லாருக்கும் வரும், திரும்பச் செய்யுங்க” என்று சொல்லியிருக்கலாம். மனிதர் மனம் தேறி இரவுக்குள் ஏதாவது செய்தும் இருப்பார், நாங்கள் கூட இருந்து முடித்தும் கொடுத்திருப்போம். வெள்ளிக்கிழமைப் பந்தயத்தையும் நிஸா வென்றிருப்பார். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நிஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றார்.

“ஐயா, நீங்க கெடுக்கல்ல. நான்தான் கெடுத்தன்.”

தர்சன் திருத்தியது, தான் நீக்கியது, ஏன் நீக்கியது என்று எல்லாவற்றையும் சொன்னார். யோகராசா கேட்டுக்கொண்டே வந்து கதிரையில் இருந்தார். முதலில் அவருடைய முகத்தில் பெரிய நிம்மதி வந்தது. பிறகு அது போய்விட்டது.

தேத்தண்ணியோடு வந்த சிவக்கொழுந்துதான் முதலில் வாய் திறந்தார். “அதென்ன பிள்ளை, ஆள் வருதெண்டு வீட்டுக் கூரையைப் பிரிச்சு வைக்கிறதோ?”

“நீர் சும்மா இரும்” என்றார் யோகராசா. பிறகு நிஸாவிடம் மெதுவாகச் சொன்னார். “பிள்ளை, நான் பேர் எடுக்க வரேல்லை. அந்த வரி தெரியேல்லை எண்டுதான் வந்தனான். வேற ஆள் திருத்தியிருந்தாலும் எனக்கு அண்டைக்கு இரவு பாயாசம்தான்.”

நிஸாவின் கண் கலங்கிவிட்டது. வெட்கம்தான். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கைப்பேசியை எடுத்து, அந்த முற்றத்தைப் பார்த்தபடி, தர்சனின் திருத்தத்தைத் திரும்பவும் போட்டார். பிறகு தர்சனுக்கு எழுதியதை எனக்கும் காட்டினார். ‘தம்பி, உங்கட திருத்தம் திரும்ப ஏத்தியாச்சு. நான் தோத்துட்டன். இனி வாறவங்கள நீங்க பாருங்க.’

பதில் உடனே வந்தது. ‘எனக்கு ஏலாது அக்கா. நான் கதைச்சா வாற ஆக்களும் ஓடியிடுவினம்.’

நிஸா கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, போக வேண்டும் என்பது போல என்னைப் பார்த்தார். யோகராசா தம்பியின் கைப்பேசியில் வரி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு வந்தார். வந்துவிட்டது.

“சரி பிள்ளை. இனி எனக்கு ஒரு வேலை தாங்கோ” என்றார்.

“நான் இப்ப அந்த வேலைய விட்டுட்டன் ஐயா.”

“என்னை வாங்கோ எண்டு சொன்ன ஆள் நீங்கள்தானே. நீங்கள் தாங்கோ. ஒளிச்சு வைச்ச வேலை வேண்டாம். ஒருத்தரும் செய்யாத வேலை ஒண்டு.”

நிஸா யோசித்தார். ஒருவரும் செய்யாத வேலைகள் எங்களிடம் இல்லாமல் இல்லை. எல்லாம் பொல்லாத வேலைகள். புதியவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அவற்றை அவர் வாசல் பக்கம் கொண்டு வருவதே இல்லை. கடைசியில் ஒன்றைச் சொன்னார். கரையிலிருந்து தூரம் போய் சிக்னல் விட்டுப்போனதும் கரைக்காற்றின் திரை வெறுமையாகிவிடுகிறது. கடைசியாக வந்த காற்றையும் அலையையுமாவது அது பிடித்து வைத்திருக்க வேண்டும். தர்சன் பலமுறை முயன்று கைவிட்ட வேலை.

“எனக்கு அதில ஒண்டும் தெரியாது ஐயா. சொல்லித்தரவும் ஏலாது. எங்களில ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

யோகராசா மற்றக் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார்.

“அப்ப இருங்கோ பிள்ளை. இதுக்கு நாங்கள் எல்லாரும் புது ஆக்கள்தானே.”