உருதுப் பாட்டும் ஒரு தலையாட்டலும்

பிள்ளைகளே, ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பாகிஸ்தான்காரரின் காரில் ஏறி, ஒரு வரியும் விளங்காத உருதுப் பாட்டுகளை வாய்விட்டுப் பாடியபடி வேலைக்குப் போகிறவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனிடம் தமிழ்ப் பாடசாலை மலருக்குக் கட்டுரை கேட்டால், தெரிந்ததைத்தானே எழுத முடியும். நோபல் பார்க்கிலிருந்து ட்ருகனினாவுக்கு மெல்பேர்னைக் குறுக்கே கடந்து ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். கார்க்காரர் நசீமும் நானும் அங்கே ஒரே களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறோம்.

நசீம் பாட்டுகளைக் காலவரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். புறப்படும்போது சினிமாப் பாட்டு. அவருடைய சின்ன வயதில் அங்கே பாட்டென்றால் படப் பாட்டுத்தானாம். நெடுஞ்சாலையில் ஏறியதும் டிஸ்கோ. லண்டனில் பதிவாகி, கசெற்றில் கராச்சிக்கு வந்தது. பிறகு அங்கே இராணுவ ஆட்சி நடந்த காலத்துப் பாட்டு. ஆட்டம் பாட்டுக்கு இடமில்லாத அந்தத் தொலைக்காட்சியில், ஜீன்ஸ் போட்ட பெடியன்கள் கிற்றாரோடு வந்து, நாட்டுப்பற்று என்ற பெயரில் பொப் பாடிவிட்டார்களாம். வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறும்போது தொண்ணூறுகளின் இசைக்குழுக்கள். இறங்கும்போது சூஃபிப் பாட்டை மின்கிற்றாரில் வாசித்தவர்கள். களஞ்சியத்தை நெருங்கும்போது, மடிக்கணினியில் தனியே பாட்டுக் கட்டும் இன்றைய பிள்ளைகள். கடைசிப் பாட்டு நசீமின் மகனுடையது. உருது வரிகளை அவன் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறான். தகப்பனோடு பேசுவது ஆங்கிலத்தில் மட்டும். இத்தனை காலம் வளர்ந்து வந்த இசையால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு வசனத்தை வைக்க முடியவில்லை.

"உனக்கு என்ரை மகனைவிட நல்ல உருது வருது, பாய்," என்று நசீம் ஒருநாள் பகிடி விட்டார். நாங்கள் பேசுவது உடைந்த ஆங்கிலம். எங்கள் தமிழில் எழுதுகிறேன். "ஒண்டும் விளங்காததாலைதான் பிழைவிடாமல் பாடுறாய்."

எனக்கு இது சின்ன வயதுப் பழக்கம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். முந்தி எங்கள் ஆட்களும் தமிழில் பொப் பாடினவர்கள்; அவர்கள் நாடு நாடாகப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் எங்களுக்கு அகப்பட்டது ஹிந்திப் பாட்டு. கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். விளங்காமல் பாடுவதில் ஒரு குற்றமும் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நசீம் லீவு. புதிதாகச் சேர்ந்த தாரிக் என்ற பாகிஸ்தான்காரரின் காலில் அடுக்கிவைத்த பெட்டிகள் சரிந்துவிட்டன. முப்பது வயதிருக்கும். தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் வலியில் போய்விட்டது. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். "நீதானே அவங்கட பாஷையிலை பாடிக்கொண்டு திரியிறனி. என்ன சொல்றான் எண்டு கேள்." எனக்கு அந்த மொழி தெரியாது என்றேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ, தோளில் தட்டி முன்னே விட்டார்.

பக்கத்தில் குந்தி, எல்லாப் பாட்டிலும் வரும் ஒரு சொல்லைச் சொன்னேன். "தர்த்?" வலிக்கிறதா என்று. உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும். தாரிக் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்லத் தொடங்கினார். நடுநடுவே பாட்டில் கேட்ட சொற்கள் வந்து வந்து போயின. என் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டார். தலையாட்டினேன். திரும்பக் கேட்டார். திரும்ப ஆட்டினேன். அவர் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. வலிக்கிறதாம் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது.

அடுத்த நாள் காரில் நசீம் பாட்டுப் போடவில்லை. முதல்நாள் ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னார். தாரிக்கின் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. எழும்பி நடமாட வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். அவளுக்கு அறிவிக்க வேண்டாம், மைத்துனருக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள் என்றுதான் தாரிக் என்னிடம் கெஞ்சியிருக்கிறார். நான் இரண்டு தரம் தலையாட்டி வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒஃபிஸில் இருந்தது அவளுடைய நம்பர், எடுத்துச் சொல்லிவிட்டார்கள். பதறி ஓடி வந்தவள் ஆஸ்பத்திரிப் படியில் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை.

"நீ தெரியாமல் செய்தனி," என்றார் நசீம். பாலம் தாண்டியபிறகு, "விளங்கேல்லை எண்டு அவனுக்கு ஒரு கை காட்டியிருக்கலாம்," என்றார்.

அன்று பின்னேரம் குசினியில் வைத்து என் மகள் யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வயது. தமிழ்ப் பாட்டுப் போட்டிகளில் முதற்பரிசு எடுக்கிறவள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இப்படியான ஒன்றை என்னால் தமிழில்தான் சொல்ல முடியும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"விளங்குதோ, பிள்ளை?"

"ஓம் அப்பா." தலையாட்டினாள்.

அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது, சொல் பார்ப்போம் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். "பேபி இஸ் ஓகே, ரைட்?" என்றாள்.

நான் ஓம் என்றேன். அவள் அறைக்குள் போய்ப் போட்டிக்கான பாட்டைப் பாடிப் பழகத் தொடங்கினாள். ஒரு ழகரம்கூடப் பிசகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாளத்துக்கு என் தலை தானாக ஆடத் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.