துருக்கி மொழியில் ‘மாட்டான்’ பழகிக்கொண்டு மெல்பர்னுக்குப் பெண் கேட்கப் போனோம்

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் போக நினைக்கிறவர்கள் வழியையும் சாப்பாட்டையும் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் அந்த வழியில் முதன்முதலாகப் போனது 1977 ஈஸ்டர் விடுமுறையில். ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு துருக்கிக்காரனுக்குப் பெண் கேட்கப் போனேன்.

ஓர்ஹான் நான் வேலை செய்த தொழிற்சாலையில் வெல்டர். மெல்பர்னில் ஒரு நண்பனின் கலியாணத்தில் நெர்மினைக் கண்டிருக்கிறான். இருவருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தானே பெண் கேட்கக்கூடாது, மூத்தவர் ஒருவர் கேட்கவேண்டும். சிட்னியில் ஆபர்னில் இருந்த துருக்கிப் பெரியவர் ஒருவர், மறுத்துவிட்டால் தனக்கல்லவா மரியாதைக் குறைவு என்று நழுவிவிட்டார். நெர்மினின் தகப்பன் அதற்கு முன் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியவர். இதுவும் சரிவராவிட்டால் மகளை ஊருக்கு அனுப்பித் தன் அக்காவின் மகனுக்குக் கட்டிவைப்பதாகச் சொல்லியிருந்தார். ஓர்ஹான் என்னை ‘அபி’ என்பான், நம் ‘அண்ணை’தான். கூப்பிட்ட குரலுக்கு நான் அகப்பட்டுக்கொண்டேன்.

“எங்கடை ஆக்களுக்கே ஒரு பொம்பிளை பாத்துக் குடுக்காத மனுசன், துருக்கிக்காரனுக்குத் தரகு வேலை பாக்கப் போறார்,” என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே கட்லட் கட்டித் தந்தாள்.

சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து காலை ஐந்து மணிக்கு ஓர்ஹானின் பழைய ஹோல்டன் காரில் புறப்பட்டோம். ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர். பாதி வழிக்கு ஒற்றைப் பாதைதான், முன்னால் ஒரு லாரி அகப்பட்டால் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். கோல்பர்னில் காலைச் சாப்பாடு. அங்கிருந்து கண்டகாய் வரை துருக்கிப் பாடம்.

“தகப்பன் கேக்கிறதெல்லாம் இவன் குடிப்பானா, அடிப்பானா எண்டுதான், அபி. நீங்கள் மாட்டான் எண்டு சொல்லப் பழகினால் போதும்,” என்றான். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான்.

எதிர்மறை எனக்குச் சுலபமாக வந்தது. ஆங்கிலத்தைப் போல ‘நாட்’ என்று தனியாக எதையும் தேடவேண்டாம், நம் மொழி போலவே வினைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடலாம். இச்செர் என்றால் குடிப்பான், இச்மெஸ் என்றால் குடிக்கமாட்டான். கெல்மே, வராதே. கெல்மியோர், அவன் வரவில்லை. நம் ‘இல்லை’க்கு யோக், ‘அல்ல’வுக்குத் தெயில்: கெட்டவன் அல்ல என்பது கொத்தூ தெயில். சூதாட்டத்துக்கு அங்கே குமார் என்று பெயர். என் தம்பியின் பெயரும் அதுதான், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ‘குமார் ஒய்னமாஸ்’, சூதாடமாட்டான் என்று ஆல்பரி வரைக்கும் பாடமாக்கினேன்.

மறுநாள் பின்னேரம் மெல்பர்னில் பிராட்மெடோஸில் நெர்மின் வீட்டுக்குப் போனோம். தகப்பன் ஹசன், கார்த் தொழிற்சாலையில் வேலை. மீசையும் மௌனமுமாகக் கதிரையில் இருந்தார். நெர்மின் தட்டில் கோப்பி கொண்டு வந்து, மூத்தவன் என்று முதலில் என்னிடம் நீட்டினாள்.

யாழ்ப்பாணத்து வளர்ப்பு சும்மா இருக்குமா? கை தானாக நெஞ்சுக்குப் போனது. “இஸ்தெமெம்,” வேண்டாம், என்றேன். உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை.

தகப்பன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓர்ஹானின் முகம் வெளுத்துவிட்டது. “அபி, என்ன செய்து போட்டியள்! கேக்க வந்த பொம்பிளையின்ரை கோப்பியை வேண்டாம் எண்டால், பொம்பிளையே வேண்டாம் எண்ட மாதிரி!”

ஒருவனின் வாழ்க்கையை ஒரு சொல்லில் கவிழ்த்துவிட்டேனே என்று உண்மையில் பயந்துபோனேன். நெர்மினுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் அவளைப் பார்த்தே சொன்னேன்: “பிள்ளை, எங்கடை ஊரிலை முதல் தரம் வேண்டாம் எண்டுதான் சொல்லுவம். உடனை வாங்கினால் காய்ஞ்சுபோய் வந்தவன் எண்டு நினைப்பினம்.”

அவள் சிரிக்கவில்லை. “எத்தினை தரம் கேக்க வேணும், அபி?”

“மூண்டு.”

தட்டோடு குசினிக்குள் போனாள். திரும்பி வந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. மறுபடியும் போய் வந்து நீட்டினாள். கோப்பி சாசரில் வழிந்திருந்தது, முகமெல்லாம் சிவந்திருந்தது. வாங்கிக் குடித்தேன். ஓர்ஹானுக்கு, மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும் அவர்கள் வழக்கப்படி, உப்புப் போட்ட கோப்பி. பாவம், முகம் சுளிக்காமல் குடித்து முடித்தான்.

தகப்பன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விருப்பமில்லாத பெண் இரண்டாம் தரம் குசினிக்குப் போயிருக்கமாட்டாள் என்பது அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். நான் பெண் கேட்டதும் அவர் குடியைப் பற்றியும் கேட்கவில்லை, சூதைப் பற்றியும் கேட்கவில்லை. விரலால் கண்ணிலிருந்து கன்னம் வரை ஒரு கோடு இழுத்து, என் மகளை அழவைப்பானா என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சொல் என் பாடத்தில் இருக்கவில்லை. அவர் கேள்வியிலிருந்தே எடுத்து, ‘மாட்டான்’ தைத்துக் கொடுத்தேன். “ஆலத்மாஸ்.” அழவைக்கமாட்டான்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நெர்மினின் தாய் கண்ணைத் துடைத்தார்.

இப்போது போகிறவர்களுக்கு: முழுவதும் அகலப் பாதை, ஊர்களை விலத்தியே போய்விடலாம். ஆனாலும் கண்டகாய்க்குள் இறங்குங்கள், ஆறும் பழைய பாலமும் பார்க்க நல்லாயிருக்கும். ஈஸ்டரில் போவதானால் விடியமுன் புறப்படுங்கள். துருக்கி வீட்டில் கோப்பி தந்தால் முதல் தரமே வாங்கிவிடுங்கள். மொழி பழகுகிறவர்கள் பிழை விடப் பயப்படவேண்டாம், நான் விட்டதைவிடப் பெரிதாக விடமாட்டீர்கள்.

அன்று நான் சொன்ன சொல்லுக்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இருக்கவில்லை. இன்னொருவனின் வருங்காலத்துக்கு யார் பொறுப்பு நிற்க முடியும்? திரும்பி வரும் வழியில் ஓர்ஹான் காரை ஓரமாக நிறுத்தி, “நீங்கள் சொன்னதை நான் காப்பாத்துவன், அபி,” என்றான்.

காப்பாற்றினானா என்று போன மாதம் நெர்மினைத் தொலைபேசியில் கேட்டேன்.

“வெங்காயம் வெட்டக்கூட என்னை விடுறதில்லை, அபி,” என்றாள்.