சுல்தானுக்குப் போன மடவைக் குழம்பு

பழவேற்காடு ஆட்டோ ஸ்டாண்டில் ஜஸீலாவின் ஹாரன் பெரிது, அதைவிட அவள் வாய் பெரிது. பொன்னேரித் துணிக்கடையில் வேலை பார்க்கும் நான் தினமும் அவளுடைய ஷேர் ஆட்டோவில்தான் போவேன். பி.ஏ. வரலாறு படித்தவள். அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை, படிப்பு மட்டும் வீணாகவில்லை. வண்டி நகர்ந்ததும் எந்தக் காலத்து ராணியாவது எங்களோடு ஏறிக்கொள்வாள். ஹஜ் பயணிகளுக்காகப் பாலைவனம் நெடுகத் தண்ணீருக்கு வழிசெய்த பாக்தாத் சுபைதா ஒரு நாள், டெல்லியை ஆண்ட ரஸியா இன்னொரு நாள். மீன்கூடையோடு வரும் பசியாவரத்துக் குப்பம்மா, ரஸியாவைக் கவிழ்த்த பிரபுக்களைப் பொன்னேரி வரைக்கும் திட்டித் தீர்ப்பாள்.

ஸ்டாண்டுப் பலகையில் இருந்ததோ ஜஸீலாவின் கணவன் அஸ்லமின் பேர். பேர் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும். அவருக்கு உடம்பு முடியாவிட்டால் மட்டும் வீட்டு ஆள் ஓட்டலாம். இதற்கிடையில் அஸ்லமுக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. விஷயம் தெரிந்தால் ஸ்டாண்டில் வரிசை போய்விடும், வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டும். அந்தப் பேச்சே ஜஸீலாவுக்கு ஆகாது. அவனுக்கு இடுப்புப் பிடிப்பு, எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஸ்டாண்டில் சொல்லிவைத்தாள்.

ஸ்டாண்டுத் தலைவர் சிங்காரம் இளகின மனசுக்காரர். பையன் தெம்பாக எழுந்து வரட்டும் என்று, மனைவி மனோரமா வைக்கும் மடவை மீன் குழம்பைத் தூக்கில் ஊற்றி ஜஸீலாவிடம் கொடுத்தனுப்புவார். இடுப்பு பிடித்தவனோ விடியும் முன்பே பைக்கில் மீஞ்சூருக்குப் பறந்திருப்பான். வண்டியில் வரும் எங்களுக்கெல்லாம் இது தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ராணிக் கதை நின்றுபோனால் யாருக்கு நஷ்டம்?

ஒரு காலை வண்டி நிரம்பக் காத்திருக்கும்போதே கதை தொடங்கிவிட்டது. எகிப்து ராணி ஷஜருத்துர். எதிரிப் படை கரையிறங்கிய நேரத்தில் சுல்தான் செத்துப்போகிறார். வெளியே தெரிந்தால் ராஜ்ஜியம் போய்விடும். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அவர் பேரிலேயே உத்தரவு போடுகிறாள். வேளாவேளைக்குக் கூடாரத்துக்குள் சாப்பாடும் போகிறது.

அப்போதுதான் சிங்காரம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். முந்தின நாள் சாயங்காலம் அவர் மீஞ்சூருக்குப் போய்வந்தது எனக்குத் தெரியும். கண்ணைக் காட்டினேன், ஜஸீலா எகிப்தில் இருந்தாள்.

"அந்த சாப்பாட்ட யாரு துன்னாங்க?" என்றார் சிங்காரம். "நேத்து மீஞ்சூர் ஸ்டேஷன்ல உங்க சுல்தான பாத்தேன். படி மேல ரெண்டு ரெண்டா தாண்டி ஏறிக்கினு இருந்தாரு."

ஜஸீலாவின் முகம் வெளுத்தது. பிறகு இறங்கி அவர் எதிரே நின்றாள்.

"நாந்தாண்ணா துன்னேன். வண்டி ஓட்டுனதும் நாந்தானே. கொழம்பு நல்லாருந்துச்சு. புளி மட்டும் கொஞ்சம் தூக்கல்."

சிங்காரம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த ராணி கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டார்.

"அவளையே சுல்தானா உக்கார வெச்சாங்கண்ணா. அவ பேர்லயே காசு அடிச்சாங்க."

அதற்குப் பிறகு ராணிக்கு நேர்ந்த கொடுமைகளை ஜஸீலா அன்றைக்குச் சொல்லவில்லை, கெட்டிக்காரி. சிங்காரம் பலகையிடம் போனார். அஸ்லம் பேரைத் துடைத்தார். அதே இடத்தில் ஜஸீலா என்று எழுதிவிட்டு, நேரமாகிறது, வண்டியை எடு என்று அதட்டினார். குப்பம்மா கை தட்டினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளும் தூக்கு வந்தது, ஜஸீலாவுக்கு என்று சொல்லி. எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். மனோரமா புளியைக் குறைத்திருந்தார்.