ஓடிப்போக ஒரு பை

இன்று குற்றாலம் பஸ்ஸில் என் ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், எம்மவ கட்டிலுக்கடியில பை கட்டி வச்சிருக்கா. துண்டும் எண்ணெயும் இருந்தா அருவிக்குன்னு விட்டிருப்பேன். டார்ச்சும் முறுக்கும்லா இருக்கு! கேட்டா ரகசியம்ங்கா. வீட்ட விட்டு ஓடிருவாளோன்னு பதறுது."



வகுப்பில் படிக்கும் பழைய சிறுவர் நாவலில் நாயகன் வீட்டை விட்டு ஓடுகிறான். "நீங்க ஓடினா என்ன எடுத்துட்டுப் போவீங்க? திங்கக்கிழமை பையோட வாங்க, அதுவரை ரகசியம்" என்றது நான்தான். பெற்றோருக்குச் சொல்லாமல் விட்டதும் நான்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"நல்லவேளை டீச்சர்! அப்ப பையோட அடியில டிவி ரிமோட்டும் கெடக்கும். காலைலருந்து அதத்தான் தேடுதேன்."

நீங்கள் ஓடிப்போனால் வீட்டில் முதலில் தேடுவது உங்களையா, ரிமோட்டையா?